குழியில் விழுந்தவை எத்தனை, மண்ணில் வாழ்பவை எத்தனை?

பழனி மலையின் மேல்மலைக் கிராமங்களில் மாணவர்களோடு சேர்ந்து தரைவாழ் பூச்சிகளைச் சேகரிக்கும் ஒவ்வொரு முறையும், அவர்களுடைய குறிப்பேட்டில் ஒரே முடிவைப் படிக்க நேர்கிறது. பள்ளிக்குப் பின்னாலுள்ள கேரட் தோட்டத்தில் புதைத்த கிண்ணங்களில் வண்டுகள் நிறைய விழுந்திருக்கும். வளாகத்தின் எல்லையில் எஞ்சி நிற்கும் சோலை மரங்களின் அடியில் புதைத்தவற்றிலோ நாலைந்துதான் இருக்கும். உடனே, “சோலையைவிடத் தோட்டத்தில்தான் பூச்சிகள் அதிகமாக வாழ்கின்றன” என்று எழுதிவிடுகிறார்கள். அவர்கள் எண்ணியதில் பிழை இல்லை. கிண்ணத்தில் இருந்ததைச் சரியாகவே எண்ணியிருக்கிறார்கள். ஆனால் அந்த எண் எதைக் குறிக்கிறது என்று கேட்காமல் முடிவுக்குப் போய்விடுகிறார்கள். பெரியவர்களும் இதே பிழையைச் செய்வதால், அந்த எண்ணின் பொருளை அடிப்படையிலிருந்து விளக்குவது பயன்படும் என்று நினைக்கிறேன்.

பூச்சி என்ற ஒரே சொல்லுக்குள்

கிண்ணத்தில் விழுந்தவை எத்தனை என்று கேட்பதற்கு முன், விழுந்தவை எவை என்று தெரிய வேண்டும். நம் பேச்சில் சிறியதாக ஊரும் எல்லாமே பூச்சிதான். முதல் மழை விழுந்த மறுநாள் அடிவாரத்துச் செம்மண் நிலங்களில் சிவப்பு வெல்வெட்டுத் துணியைக் கிள்ளிப் போட்டதுபோல ஊர்ந்து வரும் தம்பலப்பூச்சியை எல்லோரும் பார்த்திருப்போம். சங்கப் பாடல்களில் மூதாய் என்று வருவதும் அதுவே. பெயரிலேயே பூச்சி இருந்தாலும் அதற்கு எட்டுக் கால்கள். அது உண்ணியின் உறவு. அட்டை என்ற சொல்லும் இப்படித்தான் குழப்புகிறது. மழைக்காலத்தில் காலில் ஏறி இரத்தம் உறிஞ்சும் அட்டை மண்புழுவின் உறவு. அதற்குக் கால்களே கிடையாது. மரவட்டைக்கோ நூறு கால்களுக்கு மேலும் இருக்கலாம். ஊர்ப்பெயர்கள் நிறத்தையும் ஊரும் விதத்தையும் பார்த்து வைக்கப்பட்டவை. அவற்றை விட்டுவிட வேண்டியதில்லை. அவற்றோடு கால்களையும் எண்ணிக்கொண்டால் போதும்.

நம் கிண்ணங்களில் விழுபவற்றில் பெரும்பாலானவை கணுக்காலிகள். வெளியே கடினமான தோடும், மூட்டு மூட்டாக மடங்கும் கால்களும் கொண்ட உயிரிகளின் பெருந்தொகுதி அது. வீட்டின் கூரையை உள்ளே நிற்கும் தூண்கள் தாங்குவதுபோல நம் உடலை உள்ளிருக்கும் எலும்புகள் தாங்குகின்றன. கணுக்காலியின் உடல் தகரப்பெட்டி போன்றது. வெளிச்சுவரே அதைத் தாங்குகிறது. தகரப்பெட்டி மடங்கித் திறக்க வேண்டுமென்றால் கீல் தேவை. அந்தக் கீல்தான் காலிலுள்ள கணு. பெட்டி வளராது என்பதால், உள்ளிருக்கும் உயிரி வளரும்போது பழைய தோட்டைக் கழற்றிவிட்டுப் புதிய தோடு போர்த்திக்கொள்கிறது. கிண்ணத்தில் அசையாமல் கிடக்கும் ‘செத்த பூச்சி’ சில நேரம் வெறும் உரித்த தோடாக இருப்பது இதனால்தான்.

கால்களை எண்ணினால் கூட்டம் பெரும்பாலும் பிரிந்துவிடும். ஆறு கால்களும், தலை, மார்பு, வயிறு என்ற மூன்று பகுதிகளும், தலையில் ஓரிணை உணர்கொம்புகளும் இருந்தால் அது முறையான பொருளில் பூச்சி: வண்டு, எறும்பு, சுவர்க்கோழி, கரப்பான். எட்டுக் கால்கள் இருந்து உணர்கொம்பு இல்லையென்றால் சிலந்தி, தேள், உண்ணி ஆகியவற்றின் கூட்டம். பதினான்கு கால்கள் இருந்தால், ஈரக்கல்லுக்கு அடியில் சாம்பல் நிறத்தில் தட்டையாக ஒட்டியிருக்கும் சிறு உயிரியாக அது இருக்கும். அது நண்டுக்கும் இறாலுக்கும் உறவு, காய்ந்த இடத்தில் வெகுநேரம் பிழைக்காது. அதற்கு மேல் கால்கள் இருந்தால் பூரானா மரவட்டையா என்று பார்க்க வேண்டும். உடலின் ஒவ்வொரு வளையத்திலும் ஓரிணைக் கால் இருந்தால் பூரான். பெரும்பாலான வளையங்களில் இரண்டிரண்டு இணைகள் இருந்தால் மரவட்டை.

விதிவிலக்குகளும் உண்டு. சருகைக் கிளறியதும் தெள்ளுப்பூச்சிபோலத் துள்ளும், கடுகைவிடச் சிறிய ஸ்பிரிங்டெயில் என்ற உயிரிக்கு ஆறு கால்கள்தான். வயிற்றின் அடியில் கவைபோல மடிந்திருக்கும் உறுப்பைத் தட்டித் துள்ளும் இதை, அறிவியலாளர் இப்போது பூச்சிகளோடு சேர்க்காமல் பக்கத்துக் கூட்டமாக வைக்கிறார்கள். தம்பலப்பூச்சியின் இளம்பருவத்துக்கு ஆறு கால்களே இருக்கும். ஈக்களின் புழுக்களுக்குக் கால்களே இல்லை. எனவே கால் எண்ணிக்கை என்னும் விதி முழு வளர்ச்சி அடைந்தவற்றுக்கே பொருந்தும் என்று மாணவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஒருமுறை ஒரு மாணவி தன் உள்ளங்கையில் இரண்டு உருண்டைகளை வைத்துக்கொண்டு வந்தாள். ஒன்று மிளகளவு, மற்றொன்று கோலிக்குண்டளவு. இரண்டும் ஒரே பூச்சியின் குட்டியும் தாயும் என்பது அவளுடைய எண்ணம். விரலால் பிரிக்காமல் காத்திருக்கச் சொன்னேன். சில நிமிடங்களில் சிறிய உருண்டை விரிந்து நடந்தது. ஏழு இணைக் கால்கள். பெரியது நெடுநேரம் அசையவில்லை. பிறகு ஓரத்தில் சிறிய பிளவு விட்டு, அதன் வழியே இரண்டு குட்டையான உணர்கொம்புகள் காற்றைத் தடவிப் பார்த்தன. அது முழுதாக விரிந்து நடக்கத் தொடங்கியபோது, கரும்பழுப்புப் பலகைகளின் கீழே இருபதுக்கும் மேற்பட்ட இணைக் கால்கள் அலைபோல நகர்வதை எண்ண முடிந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உருளும் பெரிய மரவட்டை அது. உருண்டுகொள்ளும் வித்தையை நண்டின் உறவும் மரவட்டையும் தனித்தனியே அடைந்திருக்கின்றன. தோற்றம் ஒன்றாக இருப்பதால் உறவும் ஒன்று என்று கொள்ள முடியாது என்பதை அன்று அந்த வகுப்பு நேரிலேயே பார்த்தது.

இதுவரை பார்த்தது இதுதான்: கிண்ணத்தில் கிடப்பது ஒரு கூட்டமல்ல, பல கூட்டங்கள். அவை நடக்கும் விதமும் வாழும் விதமும் வேறுவேறு. இந்த வேறுபாடுதான் அடுத்து எண்ணிக்கையின் பொருளைத் தீர்மானிக்கப் போகிறது.

குழிப்பொறியும் குழியானையும்

தரையோடு தரையாக வாய்விளிம்பு அமையும்படி மண்ணில் புதைத்த கிண்ணத்துக்குக் குழிப்பொறி என்று பெயர். நடந்து வரும் உயிரி விளிம்பைத் தாண்டியதும் உள்ளே விழுகிறது. வழுவழுப்பான சுவரில் ஏற முடியாமல் அங்கேயே கிடக்கிறது. கருவி இவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் நாமல்ல. கீழ்மலைப் பக்கம் வீட்டுத் தாழ்வாரத்தின் உலர்ந்த புழுதியில் சிறு புனல் வடிவக் குழிகளைப் பார்த்திருப்பீர்கள். குழியின் அடியில் குழியானை, தாடைகளை மட்டும் வெளியே நீட்டியபடி புதைந்திருக்கும். எறும்பு விளிம்பில் கால் வைத்ததும் புழுதி சரிகிறது. எறும்பு அடியில் போய் விழுகிறது. குழியானை எறும்பைத் தேடிப் போவதில்லை. அருகில் பெரிய புற்று இருந்தாலும், எறும்புகளின் தடம் வேறு பக்கம் சென்றால் அது பட்டினிதான் கிடக்கும். ஒரே ஓர் எறும்பு வழி தவறித் திரும்பத் திரும்ப அங்கே அலைந்தால் அதற்கு இரை கிடைக்கலாம். குழியானையின் வயிறு நிறைவதை வைத்து அந்தத் தாழ்வாரத்தில் எத்தனை எறும்புகள் வாழ்கின்றன என்று சொல்ல முடியுமா? நம் கிண்ணத்தின் நிலையும் அதுவேதான்.

மூஞ்சிக்கல்லில் நின்று தலை எண்ணினால்

கொடைக்கானல் மூஞ்சிக்கல் சந்திப்பில் ஒரு மணி நேரம் நின்று, கடந்து போகிறவர்களை எண்ணுவதாக வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தை நாளில் எண்ணினால் ஒரு தொகை வரும். மே மாத சீசனில் எண்ணினால் அது பன்மடங்காகும். நவம்பர் மழையில் குடைகள் மட்டும் சில கடந்து போகும். இந்த மூன்று நாள்களிலும் ஊரில் நிலையாகக் குடியிருப்பவர்களின் தொகை ஏறத்தாழ ஒன்றுதான். அடுப்படியில் குளிர்காயும் பாட்டி எந்த நாளிலும் நம் கணக்கில் வரமாட்டார். கடைக்கும் கிடங்குக்கும் பத்து முறை நடந்த சுமைதூக்குபவர் பத்துப் பேராக வருவார்.

சந்திப்பில் நின்று எண்ணியது வீண் என்று இதற்குப் பொருளல்ல. அது நடமாட்டத்தின் அளவு. எந்த நேரத்தில் நடமாட்டம் மிகுகிறது, எந்தப் பருவத்தில் குறைகிறது என்பதற்கு அதைவிட எளிய அளவுகோல் இல்லை. அதை மக்கள்தொகைக் கணக்கு என்று சொன்னால்தான் பிழையாகிறது.

நடமாட்டச் செறிவு

குழிப்பொறியின் எண்ணிக்கையைத் தரைவாழ் உயிரிகளை ஆராய்பவர்கள் நடமாட்டச் செறிவு என்ற கருத்தால் விளக்குகிறார்கள். ஓரிடத்தில் எத்தனை உயிரிகள் உள்ளன என்பதும், அவை எவ்வளவு நடக்கின்றன என்பதும் பிரிக்க முடியாதபடி கலந்து கிடைக்கும் அளவே நடமாட்டச் செறிவு.

ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். ஒரு நிலத்தில் 100 வண்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஓர் இரவில் 2 மீட்டர் நடக்கிறது. பக்கத்து நிலத்தில் 20 வண்டுகளே இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் 10 மீட்டர் நடக்கிறது. இரண்டு நிலங்களிலும் மொத்த நடை 200 மீட்டர். கிண்ணத்தின் விளிம்பு அறிவது நடையை மட்டுமே. ஆகவே, ஐந்து மடங்கு வேறுபட்ட இரண்டு தொகைகள் கிண்ணத்தில் ஏறத்தாழ ஒரே எண்ணாகத் தெரியும்.

அப்படியானால் நடையைக் கூட்டுவதும் குறைப்பதும் எவை என்ற கேள்வி வருகிறது. முதலாவது வெப்பம். கணுக்காலிகளின் உடல்வெப்பம் சுற்றுப்புறத்தைச் சார்ந்தது. குளிர்ந்தால் அவற்றின் தசைகள் மெதுவாகவே இயங்கும். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் பள்ளமான புல்வெளிகளில் உறைபனி படியும். அந்த வாரத்தில் கிண்ணம் காலியாக இருந்தால் உயிரிகள் அழிந்துவிட்டன என்று எழுதக் கூடாது. அவை மண்ணிடுக்கிலும் மரப்பட்டையின் அடியிலும் ஒடுங்கியிருக்கின்றன, அவ்வளவுதான். மார்ச் மாத வறட்சியில் ஈரம் தேடி ஆழமாகப் போய்விடுபவையும் உண்டு.

இரண்டாவது தரையின் அமைப்பு. நம் மாணவர்களின் கேரட் தோட்டத்துப் புதிர் இங்கேதான் அவிழ்கிறது. களை பறித்துப் பாத்தி கட்டிய தோட்டத்தில் வண்டுக்கு நெடுஞ்சாலைபோலத் திறந்த மண். சோலை மரத்தடியிலோ ஒரு சாண் நகர்வதற்குள் சருகு, வேர், பாசி, விழுந்த கிளை என்று ஏறி இறங்க வேண்டும். கால் மீட்டரை அடைய வண்டு முக்கால் மீட்டர் சுற்ற வேண்டியிருக்கலாம். ஆகவே எண்ணிக்கை சமமாக இருந்தாலும் தோட்டத்துக் கிண்ணத்தில் அதிகம் விழும். சீகைத் தோப்பையும் பைன் தோப்பையும் புல்வெளியையும் ஒப்பிடும்போதும் இந்த எச்சரிக்கை தேவை. வழுக்கும் பைன் ஊசிகள் மூடிய தரையும் அடர்ந்த புற்கற்றைகள் நிறைந்த தரையும் நடப்பதற்கு ஒன்றல்ல.

மூன்றாவது பசி. இது பலருக்கு வியப்பளிக்கிறது. இரை தேடும் தரைவண்டு பசித்திருந்தால் அதிகம் அலையும். வயிறு நிறைந்தால் ஒதுங்கிக் கிடக்கும். எனவே இரை குறைந்த இடத்தில் கிண்ணம் நிறைவதும், இரை மிகுந்த இடத்தில் கிண்ணம் காய்வதும் நடக்கக்கூடியதே. அதிக எண்ணைப் பார்த்ததும் வளமான இடம் என்று மகிழ்வதற்கு முன் இதை நினைக்க வேண்டும்.

நான்காவது இணை தேடும் பருவம். மண்ணில் வளை தோண்டி வாழும் பெரிய சிலந்திகளில் பெண் தன் வளையை விட்டு அநேகமாக வெளியே வராது. ஆண்தான் பருவத்தில் வெளியேறி அலையும். அத்தகைய சிலந்திகள் கிண்ணத்தில் விழுந்தால் ஏறத்தாழ எல்லாமே ஆணாக இருக்கும். அந்த இனத்தில் பெண்கள் இல்லை என்று யாரும் எழுதமாட்டோம். ஆனால் வேறோர் உயிரியைப் பற்றி இதே வகையான முடிவைத் தயக்கமின்றி எழுதிவிடுகிறோம்.

இவற்றோடு, விழுந்தது உள்ளேயே தங்குகிறதா என்பதையும் சேர்க்க வேண்டும். பாதத்தில் ஒட்டும் திண்டுள்ள சில எறும்புகளும் சிலந்திகளும் கண்ணாடிச் சுவரிலும் ஏறிப் போய்விடும். கொட்டாங்குச்சியைப் புதைத்துப் பார்த்தால் சொரசொரப்பான உட்புறத்தில் ஏறி முக்கால்வாசி வெளியேறிவிடும். வலை பின்னிக் காத்திருக்கும் சிலந்தி விழுவதே அரிது. தரையில் ஓடி இரை பிடிக்கும் சிலந்தி அடிக்கடி விழும். பெரிய பூரான் ஒன்று விழுந்துவிட்டால், காலையில் நாம் காண்பது அந்தப் பூரானையும், அது தின்று மீதி வைத்த சிறகுறைகளையும்தான் (வண்டின் முதுகை மூடும் கடினமான மேற்சிறகே சிறகுறை).

சுருங்கச் சொன்னால், கிண்ணத்திலுள்ள எண் என்பது வாழும் எண்ணிக்கை, நடக்கும் அளவு, விழுந்து தங்கும் வாய்ப்பு என்ற மூன்றின் கூட்டுவிளைவு. பின்னிரண்டும் ஒன்றாக இருக்கும்போது மட்டுமே முதலாவதைப் பற்றி ஏதாவது சொல்ல முடியும்.

மொத்தத் தொகை ஏன் பயனற்றது

மேலே கண்ட காரணங்களால், “கிண்ணத்தில் மொத்தம் 63 பூச்சிகள்” என்ற வாக்கியம் எதையும் சொல்வதில்லை. 50 எறும்புகளும் 13 வண்டுகளும் சேர்ந்தும் 63. 60 ஸ்பிரிங்டெயில்களும் மூன்று சிலந்திகளும் சேர்ந்தும் 63. எறும்பு சிறப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று. எறும்புத் தடத்தின் மேல் தற்செயலாக ஒரு கிண்ணம் அமைந்துவிட்டால் ஒரே புற்றின் நூற்றுக்கணக்கான எறும்புகள் அதில் விழும். உயிர்வாழ்வின் கணக்கில் அது ஒரு குடும்பம். ஆகவே எறும்புகளைத் தலை எண்ணாமல், பத்துக் கிண்ணங்களில் எத்தனைக் கிண்ணங்களில் அந்த வகை இருந்தது என்று எழுதும் வழக்கத்தைப் பள்ளியிலேயே தொடங்கிவிட வேண்டும்.

கூட்டம் கூட்டமாகப் பிரிக்க வேண்டும் என்பதால்தான் அடையாளம் காணும் வேலை வருகிறது. பெயர் தெரிந்துகொள்வது பெருமைக்காக அல்ல. வேகமாக நடப்பதையும் மெதுவாக நடப்பதையும் ஒரே கணக்கில் போடாமல் இருப்பதற்காக.

பெயரை எந்தப் படியில் நிறுத்துவது

உயிரிகளின் பெயரிடல் அஞ்சல் முகவரிபோல மாவட்டம், ஊர், தெரு, வீடு என்று படிப்படியாகக் குறுகும். வரிசை என்பது அகலமான படி; வண்டுகள் அனைத்தும் ஒரு வரிசை. அதனுள் குடும்பம், அதனுள் பேரினம், கடைசியில் சிற்றினம். உலகில் பெயரிடப்பட்ட வண்டுச் சிற்றினங்கள் மட்டும் ஏறத்தாழ நான்கு லட்சம். அவற்றில் பலவற்றை இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் பிரிக்க முடியும். கைப்பேசியில் எடுத்த படத்துக்குச் செயலி ஒரு சிற்றினப் பெயரைக் காட்டினால், அது முகவரியில் வீட்டு எண்ணை ஊகித்துச் சொல்வது போன்றது. ஊர் சரியாக இருக்கலாம். வீடு சரியா என்பதற்குச் சான்று வேண்டும்.

எட்டாம் வகுப்பு மாணவர் வரிசை வரை சரியாகச் சொன்னால் போதும் என்பது என் உறுதியான கருத்து. குடும்பம் வரை போனால் மிக நன்று. முதுகில் கடினமான சிறகுறை இருக்கிறது, ஆகவே வண்டு. ஆனால் சிறகுறை குட்டைச் சட்டைபோல வயிற்றின் பெரும்பகுதியை வெளியே விட்டிருக்கிறது, வால்நுனியில் இடுக்கி இல்லை, ஆகவே குறுஞ்சிறகுறை வண்டுக் குடும்பமாக இருக்கலாம் என்ற வரிசையில் ஒரு மாணவர் பேசினால், அவர் பார்த்திருக்கிறார் என்று பொருள். இப்படி ஆம், இல்லை என்ற இரட்டைக் கேள்விகளால் பெயரை நோக்கி நடத்திச் செல்லும் பட்டியலுக்குத் திறவுகோல் என்று பெயர். அச்சிட்ட திறவுகோலைத் தருவதைவிட, தங்கள் கிண்ணத்தில் விழுந்தவற்றுக்கு மாணவர்களே ஒன்றை எழுதுவது அதிகம் கற்பிக்கிறது.

பெயர் தெரியாதவற்றை விட்டுவிட வேண்டியதில்லை. ஒன்றுபோலத் தெரிபவற்றை ஒரு குழுவாக வைத்து “கருவண்டு அ”, “கருவண்டு ஆ” என்று எழுதலாம். கண்ணுக்குத் தெரியும் உருவத்தை மட்டும் கொண்டு பிரித்த இந்தத் தற்காலிகக் குழுவுக்கு உருவவகை என்று பெயர். ஆணும் பெண்ணும் வேறு நிறமாக இருந்து இரண்டாக எண்ணப்படும் ஆபத்து இதில் உண்டு. ஆனாலும் பொய்யான சிற்றினப் பெயரைவிட நேர்மையான “கருவண்டு அ” எவ்வளவோ மேல்.

ஒப்பிடத் தக்கபடி அமைப்பது

தமிழ்நாட்டில் 2019 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் கப்புகளுக்குத் தடை இருக்கிறது. மலையில் அந்தத் தடை இன்னும் அவசியமானது. வாய் அகலமான பழைய எவர்சில்வர் டம்ளர்கள் இந்த வேலைக்கு மிகவும் பொருந்துகின்றன. எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும், ஏனென்றால் விளிம்பு நீண்டால் விழுவதும் கூடும். விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையில் ஒரு நூல் இடைவெளி இருந்தாலும் சிறியவை அந்தப் பிளவில் ஒதுங்கிவிடும். விளிம்பு ஒரு நூல் உயர்ந்திருந்தாலோ சுற்றிக்கொண்டு போய்விடும். விரலால் மண்ணை அணைத்துக் கட்டி, கண்ணைத் தரைக்குச் சமமாக இறக்கிப் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் பாதிப் பிழைகள் இந்த ஓர் இடத்தில்தான் நேர்கின்றன. மேலே நான்கு கூழாங்கற்களின் மீது ஓட்டுத்துண்டு ஒன்றை வைத்தால் மழைநீர் நிறையாது. ஓட்டுக்கும் தரைக்கும் இடையே ஒரு விரல் உயரம் போதும். தவளையும் மூஞ்சூறும் விழுவதும் அதனால் குறையும்.

ஒவ்வோர் இடத்திலும் ஒரே எண்ணிக்கையில் கிண்ணங்கள், இடையே ஒரே தூரம், ஒரே நாள்கள். இரண்டு இடங்களையும் வெவ்வேறு வாரங்களில் எடுத்தால் ஒரு வாரத்துப் பனி முழு ஒப்பீட்டையும் கெடுத்துவிடும். புதிதாகத் தோண்டிய முதல் சில நாள்களில் கிளறிய மண்ணின் காரணமாக வழக்கத்தைவிட அதிகம் விழுவது அறியப்பட்ட ஒன்று. ஆகவே கிண்ணத்தைப் புதைத்து, மூடிபோட்டுச் சில நாள் ஆறவிட்டுப் பிறகு திறப்பது நல்லது. காட்டுமாடு மிதித்து நசுக்கிய கிண்ணம் இருந்தால், அதைப் பூச்சியம் என்று எழுதாமல் ‘கிடைக்கவில்லை’ என்று எழுத வேண்டும். இரண்டும் ஒன்றல்ல.

ஒரே இடத்தை ஆண்டு முழுவதும் பார்ப்பதும், ஒரே உருவவகையை ஒரேமாதிரியான இரண்டு தோட்டங்களில் ஒப்பிடுவதும் குழிப்பொறிக்கு ஏற்ற வேலைகள். தோட்டத்தையும் சோலையையும் ஒப்பிட விரும்பினால் இரண்டாவது முறை ஒன்று துணைக்கு வேண்டும்.

சருகைப் புனலில் இடுவது

அந்தத் துணைமுறை எளியது. ஒரு சாண் நீளம், ஒரு சாண் அகலம் அளந்து, அதனுள் உள்ள சருகு முழுவதையும் மேல்மண்ணோடு துணிப்பையில் அள்ளி வர வேண்டும். அகலமான புனலின் நடுவே வலைத்துண்டைப் பதித்து, அதன் மேல் சருகைப் பரப்பி, மேலே மின்விளக்கை எரியவிட வேண்டும். சருகு மேலிருந்து கீழாக உலரும். உள்ளிருப்பவை ஈரத்தையும் இருளையும் தேடிக் கீழே இறங்கிப் புனலின் அடியிலுள்ள கிண்ணத்தில் விழும். இத்தாலியப் பூச்சியியலாளர் பெர்லீஸ் 1905-இல் வெந்நீர் உறை கொண்டு அமைத்த புனலை, சுவீடனின் டல்கிரென் 1918-இல் மின்விளக்கோடு திருத்தினார். மூடுபனிக் காலத்தில் சருகு உலர மூன்று நாளும் ஆகும். அவசரப்பட்டு விளக்கைத் தாழ்த்தினால் அவை இறங்குவதற்குள் வெந்துவிடும்.

இங்கே கிடைக்கும் எண்ணுக்குப் பின்னால் அளந்த பரப்பு இருக்கிறது. அதனால் “இத்தனைப் பரப்பில் இத்தனை” என்று சொல்ல முடியும். சோலையின் சருகைப் புனலில் இட்ட மாணவர்கள், வெறுமையாக நினைத்த அந்த மரத்தடியிலிருந்து ஸ்பிரிங்டெயில்களும் சிற்றுண்ணிகளும் வாலில்லாத குட்டித் தேள்போன்ற பொய்த்தேள்களும் இறங்கிக்கொண்டே இருப்பதைப் பார்த்து எழுந்து போக மறுத்தார்கள். பெரிய வண்டுகளும் சிலந்திகளும் இந்த முறையில் அவ்வளவாகக் கிடைப்பதில்லை. அவற்றுக்குக் குழிப்பொறியே ஏற்றது. ஆக, இரண்டு கருவிகளும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தருகின்றன.

கையும் காலும் சட்டமும்

எங்கே வேண்டுமானாலும் தோண்டலாம் என்று எண்ணிவிடக் கூடாது. காப்புக்காடுகளிலும், 2013-இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயத்திலும் வனத்துறையின் எழுத்துவழி அனுமதி இன்றி எதையும் பிடிக்கக் கூடாது. பள்ளி வளாகமும், உரிமையாளர் இசைந்த தோட்டமும் நம் பாடத்துக்குப் போதுமானவை.

கல்லைப் புரட்டும்போது தன் பக்கமாகத் தூக்க வேண்டும்; அடியில் பூரானோ தேளோ இருந்தால் அது எதிர்ப்பக்கம் ஓட வழி இருக்கும். மரவட்டையைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கக் கூடாது, அதன் சாறு எரியும். புல்லில் நேராக உட்காரவும் கூடாது. உண்ணிக் காய்ச்சலைப் பரப்புபவை தம்பலப்பூச்சிக்கு உறவான நுண்ணிய உயிரிகளின் ஆறுகால் இளம்பருவங்களே. முழுக்கால் சட்டை அணிவதும், வீடு திரும்பியதும் குளித்து உடையைத் துவைப்பதும் கட்டாயம். காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் புதரில் இருந்ததைச் சொல்ல வேண்டும்.

பெரும்பாலானவற்றை எண்ணிப் படம் எடுத்தபின் உயிரோடு விட்டுவிடலாம். வைத்துக்கொள்ளும் ஒரு சிலவற்றை 70 விழுக்காடு எத்தனாலில் இட வேண்டும். அதைவிடத் தூய்மையானால் உடல் விறைத்துக் கால்கள் ஒடியும், மிகவும் நீர்த்தால் அழுகும். புட்டியின் உள்ளேயே சீட்டு இருக்க வேண்டும். இடம், உயரம், நாள், எந்த முறையில் கிடைத்தது, யார் எடுத்தார் என்று பென்சிலால் எழுத வேண்டும். பந்துமுனைப் பேனாவின் மை எத்தனாலில் கரைந்து, ஒரே வாரத்தில் வெறும் நீலத் தண்ணீரில் மிதக்கும் அநாமதேய வண்டு ஒன்றுதான் மிஞ்சும். அப்படி இழந்த புட்டிகளை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான். செண்பகனூர் அருங்காட்சியகத்துக்கு மாணவர்களை அழைத்துச் சென்றால், பூச்சிகளைப் பார்ப்பதோடு அவற்றின் கீழே உள்ள சீட்டுகளையும் படிக்கச் சொல்லுங்கள்.

கடைசி நாளில் கிண்ணங்களைப் பிடுங்கியதும் வேலை முடிந்துவிட்டதாக எல்லோரும் எழுந்துவிடுவார்கள். அப்போது குழிகள் பத்தும் திறந்தே கிடக்கும். முதலில் எடுத்த மண்ணை அவற்றில் போட்டு, காலால் மிதித்து, மேலே அந்த இடத்துச் சருகையே பரப்ப வேண்டும். பத்துக் குழிகளையும் வாய்விட்டு எண்ணியபடி மூடச் சொல்கிறேன். ஒன்பதில் நின்றால், பத்தாவதைக் கண்டுபிடிக்கும் வரை யாரும் வகுப்புக்குத் திரும்புவதில்லை.